தும்பைக்கு வந்த நிறங்கள்

தும்பை என்கிற வெள்ளைக் குதிரை முதன்முதலாக நிறம் மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, கரட்டுப்பேட்டை தபால் நிலையத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில், முதுகில் மாப்பிள்ளையும் முன்னால் பேண்டு வாத்தியமும் பின்னால் முந்நூறு சொந்தக்காரர்களும் இருந்தபோது. மழைக்காலத்தில் மண்சுவரில் ஈரம் ஏறுவது போல நான்கு குளம்புகளிலிருந்தும் செம்பழுப்பு ஏறியது, முட்டியைத் தாண்டியது, வயிற்றைச் சுற்றியது, கழுத்து வழியாக நெற்றிக்குப் போய் அங்கிருந்த மஞ்சள் குஞ்சத்துக்குக் கீழே நின்றது. பேண்டுக்காரர்கள் பாட்டை நிறுத்தவில்லை. வீடியோ எடுத்தவர் மட்டும் வெளிச்சத்தைத் திரும்பவும் சரிபண்ண வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார். பெண்ணின் தகப்பனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கடிவாளம் பிடித்து நடந்த உதுமான் ராவுத்தரிடம், "நாம வெள்ளைக் குதிரைன்னுதானே பேசினோம்?" என்று கேட்டார்.

"கெளம்பும்போது வெள்ளையாத்தாங்க இருந்துச்சு" என்றார் உதுமான். அதற்கு மேல் அந்த விஷயத்தில் அன்றைக்கு யாரும் எதுவும் பேசவில்லை, பிரியாணி ஆறிவிடும்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளை குதிரையில்தான் வர வேண்டும். ராவுத்தர் என்றாலே குதிரைக்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே தவிர, எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குதிரை முன்னால் கடிக்குமா பின்னால் கடிக்குமா என்றுகூடத் தெரியாது. பேட்டைக்கே மிச்சமிருந்தது உதுமானின் ஒரே ஒரு குதிரைதான். தெற்குத் தெருப் பிள்ளைமார் வீட்டு மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதான், காட்டூர்க் கவுண்டர்களுக்கும் அதுதான். உதுமானுக்கு ஒரு வழக்கம் உண்டு. இருபது வருஷமாக அந்தக் கடிவாளத்தை அவர் இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, குதிரையின் இடப்பக்கம், மாப்பிள்ளையின் முழங்காலுக்குப் பக்கத்தில் அவரேதான் நடப்பார். பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் இந்த வழக்கம்தான், ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

சாயங்காலத்துக்குள் தும்பை பழையபடி வெளுத்துவிட்டது. நாற்பது நாள் கழித்து அந்த மாப்பிள்ளை சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான் என்று செய்தி வந்தபோது, தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் செம்பழுப்பை நினைத்துக்கொண்டார்கள். அடுத்து ஒருவனுக்குக் குதிரை சாம்பலில் வட்ட வட்டப் புள்ளியாக மாறியது. அவன் ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டான். மூன்றாமவனுக்குக் கன்னங்கரேல் என்று ஆனது; அவனுக்கு வெளியூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. அதற்குப் பிறகு சந்தேகப்பட யாருக்கும் மனசு வரவில்லை. கல்யாணமான எந்த ஆண்பிள்ளை ஆறு மாதத்துக்குள் ஒரு தரம் கோபப்படாமலோ, ஒரு வாரம் படுத்துக் கிடக்காமலோ இருந்திருக்கிறான் என்று கேட்க வேண்டியது நாங்கள்தான். கேட்கவில்லை. தேடிப் போனால் எந்த நிறத்துக்கும் ஒரு குற்றம் கிடைக்கிறது, குற்றம் கிடைத்த சந்தோஷத்தில் கேள்வி மறந்துபோகிறது.

அப்புறம் ஊர் அந்த அதிசயத்தை வீட்டுச் சாமான் போலப் புழங்கத் தொடங்கியது. கல்யாணத்தன்றைக்கு நிறம் தெரிந்து என்ன பிரயோசனம், முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சந்தைத் திடலில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்ப ஏழு சுற்று என்று ஏற்பாடாயிற்று. செம்பழுப்பு முன்கோபி, கருஞ்சிவப்பு குடிகாரன், சாம்பல் சோம்பேறி, மஞ்சளோடிய பழுப்பு கஞ்சன், திட்டுத்திட்டாக இரண்டு நிறம் வந்தால் இரண்டு நாக்கு, கறுப்பு என்றால் சொல்லவே வேண்டாம். பழுப்புக்கும் செம்பழுப்புக்கும் நடுவில் எது என்று இரண்டு சம்பந்தி வீடுகள் அடித்துக்கொண்டபோது, பெயிண்ட் கடை சௌந்தரபாண்டி ஓடிப்போய் நிற அட்டையை எடுத்து வந்து குதிரையின் தொடையில் வைத்துப் பார்த்து, "இருநூத்திப் பதினாலு, காஞ்ச ஓடு" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் ஊர் மாப்பிள்ளைகளுக்கு எண் வந்துவிட்டது. தேநீர்க் கடையில் ஒருவர் இன்னொருவரிடம், "மருமகன் எப்படி?" என்று கேட்டால், "நூத்தி எட்டு, தேங்காய்ப்பூ" என்று பதில் வரும், அதாவது அப்பழுக்கில்லாத வெள்ளை. கேட்டவர் பொறாமையில் டீயை ஆறவிடுவார்.

உடம்பெல்லாம் ஒரு நிறமாகி நான்கு காலும் நெற்றியும் மட்டும் வெள்ளையாக நின்றால் அது பஞ்சகல்யாணி, அப்படி ஒரு மாப்பிள்ளை வந்தால் ஊருக்கே யோகம் என்று கவுண்டர்கள் சொன்னார்கள். அப்படி ஒருவன் கடைசிவரை வரவில்லை. ஏறப்போகும் பையன்கள் மூன்று நாள் நோன்பு வைத்தார்கள், தர்காவுக்கு நேர்ந்துகொண்டார்கள், மலைக்கோயிலுக்கு மொட்டை போட்டார்கள். ஒருவன் ஏறியதும் மயங்கி விழுந்தான். பெண் வீட்டார் அவனைத் தூக்கிவிடாமல் குதிரையைத்தான் பார்த்தார்கள்.

பள்ளிவாசலை நிர்வாகம் பண்ணுகிற முத்தவல்லி ஷேக் பரீது நல்ல மனிதர், யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர், அதனாலேயே கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஊன்றிக்கொள்கிறவர். தேங்காய்ப்பூவுக்குக் கீழே எந்த நிறம் வந்தாலும் நிக்காஹ் பதிவேட்டைத் திறப்பதில்லை என்று அவர் சொன்னபோது எல்லாரும் சரி என்றோம். நானும் சரி என்றேன். ஒன்றரை வருஷத்தில் பதினொரு பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பதினோராவது ஆள் ஜபருல்லா வாத்தியார். பிள்ளைகளை அடிக்காத, மேசையைத் தட்டிக்கூடப் பேசாத மனிதர். அவருக்குக் குதிரை மூன்றாவது சுற்றிலேயே கறுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய தெரு வழியாகப் போகவில்லை, சாக்கடை ஓரச் சந்து வழியாகப் போனார். அவருடைய அம்மா ரொக்கையாம்மா மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திடலுக்கு வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்று, குதிரையைப் பார்த்துவிட்டுப் போவார்.

உதுமானுக்கு இரண்டு பெண்கள், மனைவி இல்லை. மூத்தவள் மைமூன். அவளைக் கட்டிக்கொடுத்தது நான்கு வருஷத்துக்கு முன்பு, தும்பைக்கு நிறம் வருவதற்கு முந்திய காலத்தில். மாப்பிள்ளையை ஏற்றிக் கடிவாளம் பிடித்து வந்தவர் உதுமானே. சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார், குதிரை பால் போல வெள்ளையாக வந்தது. எட்டாவது மாதம் மைமூன் தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. எலும்பு சரியாகச் சேராமல் கை ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு உதுமான் குதிரையில் ஏறும் மாப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அவர்கள் கைகளைத்தான் பார்ப்பார்.

இளையவள் சபுரா ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். எதிரே மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த கமருதீன், ஒரே ஆதார் அட்டையை ஆறு மாதத்தில் நாற்பது தடவை நகல் எடுத்தான். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். சபுராவுக்கு அவன்தான் வேண்டும். அவன் இல்லையென்றால் வேறொருவன் வேண்டாம் என்பதை அவள் சண்டை போட்டுச் சொல்லவில்லை, சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் உதுமானைப் பயமுறுத்தியது. வெள்ளிக்கிழமை ஏற்றிப் பார்ப்பது, வெள்ளையாக நின்றால் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். குதிரைக்காரர் வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டா என்று முத்தவல்லியிடம் யாரோ கேட்டார்கள். அதெப்படி, அவர் வீட்டில்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்று ஊர் சொல்லிவிட்டது.

"குதிரை கறுத்துட்டா என்னத்தா பண்றது?" என்று சபுரா தகப்பனாரிடம் கேட்டாள்.

"கறுக்காதும்மா" என்றார் உதுமான். சொல்லும்போது அவர் கண் கமருதீனின் பட்டறைப் பக்கம் போனது. செம்புக் கம்பியை இழுத்து முறுக்குகிற கை, பலமான கை.

வியாழக்கிழமை காலை தும்பையைக் குளிப்பாட்ட ஊரணிக்குக் கூட்டிப்போனார். கொள்ளு வாளியோடு மைமூனும் போனாள். படித்துறையில் வேறு ஆளில்லை. சேணமில்லாத வெற்று முதுகோடு குதிரை தண்ணீரில் இறங்கி நின்றது. கடிவாளத்தைப் பிடித்தபடி உதுமான் நாளைக்கு மதியத்தை நினைத்துக்கொண்டிருந்தார், கமருதீனின் கையை நினைத்தார், அந்தக் கை சபுராவின் மணிக்கட்டைப் பிடிப்பதாக நினைத்தார். குளம்பிலிருந்து கறுப்பு ஏறியது. தொடை கறுத்தது, விலா கறுத்தது, பிடரி கறுத்தது, காது நுனி வரைக்கும் தார் பூசியது போல ஆகித் தும்பை கறுப்புக் குதிரையாகத் தண்ணீர் குடித்தது.

உதுமான் குதிரையின் முதுகைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "மேல யாருமே இல்லையேம்மா" என்றார்.

"கீழ நீங்க இருக்கீங்களே அத்தா" என்றாள் மைமூன்.

அவர் கையை உதறினார். கடிவாளம் தண்ணீரில் விழுந்தது. பத்து மூச்சு விடுவதற்குள் குதிரை வெளுத்துக்கொண்டு வந்தது.

"என் கல்யாணத்தன்னைக்கு வெள்ளையாத்தானே இருந்துச்சு? அந்த ஆளு நல்லவன்னா இருந்துச்சு? நீங்க அன்னைக்கு சந்தோஷமா இருந்தீங்க, அதான். இது ஏறுற ஆளைப் பாக்கலத்தா. புடிக்கிற ஆளைப் பாக்குது. எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சம்சயம்."

உதுமான் படியில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு பேரும் வரிசையாக அவர் கண்முன் வந்தார்கள், முகம் இல்லாமல், கைகளாக. சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டிய ஜபருல்லாவின் மெலிந்த விரல்கள் கடைசியாக வந்தன. அந்த விரல்களைப் பார்த்து அன்றைக்குத் தான் என்ன நினைத்தோம் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இவ்வளவு அமைதியா இருக்கவன்தான் கதவைச் சாத்திக்கிட்டு அடிப்பான் என்று நினைத்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்ருவாங்க" என்றார்.

"தெரிய வேணாம்த்தா. கையில சுளுக்குன்னு துணியைச் சுத்திக்கிட்டுப் போங்க. வேற யாராச்சும் புடிக்கட்டும். சபுரா கல்யாணம் முடிஞ்சிரும்" என்றாள் மைமூன். அவள் கெட்டவள் இல்லை. தங்கச்சிக்கு நல்லது நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அன்றைக்கு வேறு நினைப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தபோது திடலில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர்த் தொட்டி மேலேயும் ஆள், லாரி மேலேயும் ஆள். சௌந்தரபாண்டி புது அட்டை கொண்டுவந்திருந்தார். எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் சபுரா இரண்டு கையாலும் ஷட்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமருதீன் ஏறி உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதுமான் வலது கையில் தடிமனாகத் துணி சுற்றி வந்திருந்தார்.

"சுளுக்குங்க. வேற யாராச்சும் புடிச்சா நல்லது" என்றார்.

"அதுக்கென்ன, என் தம்பி மகன் புடிப்பான்" என்றார் முத்தவல்லி. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான், கல்யாண வீட்டுக்கு வந்த சந்தோஷம் அவனுக்கு. அவன் பிடித்திருந்தால் குதிரை வெள்ளையாகவே ஏழு சுற்றும் போயிருக்கும், அன்றைக்கு மதியம் கதை சுபமாக முடிந்திருக்கும், நாங்கள் இன்னும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்போமோ தெரியாது. ஆனால் கூட்டத்தின் கடைசியில் ரொக்கையாம்மா நின்றிருந்தார். அன்றைக்குத் தனியாக வரவில்லை, மகனையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். ஜபருல்லா தரையைப் பார்த்துக்கொண்டு, விரல்களைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றார்.

உதுமான் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தார். பார்த்தபடியே கையிலிருந்த துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக் கீழே போட்டார், அந்தப் பிள்ளை நீட்டிய கைக்கு முந்திக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தார், நடந்தார். தொட்டியைத் தாண்டுவதற்குள் குதிரை கறுத்துவிட்டது.

ஜெராக்ஸ் கடைப் பக்கம் ஷட்டர் கம்பி அதிர்கிற சத்தம் மட்டும் கேட்டது. சௌந்தரபாண்டி அட்டையை விரிக்கவேயில்லை. கமருதீன் தனக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்து, "மாமா, நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றான். இந்த வார்த்தையைப் பதினொரு பேரும் சொல்லியிருந்தார்கள்.

"எறங்குங்க மாப்ளே" என்றார் உதுமான்.

அவன் இறங்கினான். உதுமான் வெற்றுக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரம் வரைக்கும் நடந்தார். குதிரை கறுப்பாகவே போனது. திரும்பி வந்தார். கறுப்பாகவே வந்தது. "நல்லாப் பாத்துக்கங்க" என்று கத்தினார். "மேல ஆளில்ல. இது என் கறுப்பு. எம் மூத்த மகளைக் கொடுத்த எடத்துல பட்ட பயம் எனக்கு இன்னும் போகல. எவன் ஏறுனாலும் நான் அந்த மூத்த மருமகனைத்தான் நெனைச்சேன். பதினொரு பேருக்கும் நாந்தான்யா கறுப்பு."

கூட்டம் வழி விட, ரொக்கையாம்மா மெதுவாக நடந்து வந்தார். "எம் மகனுக்கும் நீதானே புடிச்சிருந்தே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. ஒவ்வொரு வீட்டுக்கா நானே நடந்து போய்ச் சொல்றேன்."

"போ. மொதல்ல எம் மகனுக்குப் பேசியிருந்த பொண்ணு வீட்டுக்குப் போ. போன மாசம் அவளை வேற எடத்துல கட்டிக் கொடுத்துட்டாங்க, தெரியுமா? அங்க போய் என்னன்னு சொல்லுவே?"

சரி என்று சொன்ன எங்கள் வாயெல்லாம் அங்கேதான் இருந்தது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. ரொக்கையாம்மா மகனைக் கூட்டிக்கொண்டு பெரிய தெரு வழியாகவே திரும்பிப் போனார். ஜபருல்லா ஒரு தடவை நின்று குதிரையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நிறத்துக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்றான பிறகு நிக்காஹை நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கமருதீன் பூச்சரம் தொங்க மறுபடி ஏறி உட்கார்ந்தான், பேண்டுக்காரர்கள் வந்தார்கள், முந்நூறு சொந்தக்காரர்கள் வந்தார்கள். உதுமான் கடிவாளத்தைக் குதிரையின் கழுத்தில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். "நான் புடிக்க மாட்டேன். யாராச்சும் புடிங்க" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முத்தவல்லி தொப்பியைச் சரிசெய்துகொண்டு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டினார். அவருடைய தம்பி மகன், வெள்ளிக்கிழமை சிரித்துக்கொண்டு வந்தவன், கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான். சௌந்தரபாண்டிக்குக் கடையில் அவசர வேலை வந்தது. மாப்பிள்ளையின் சொந்த அண்ணன் செருப்பு வாரைக் குனிந்து சரிபண்ணிக்கொண்டேயிருந்தான். நான் என் கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன். விட்ட பிறகுதான் ஜபருல்லா ஞாபகம் வந்தது. முந்நூறு பேர் நின்ற தெருவில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கை இல்லை. பேண்டு ஒரே பாட்டை மூன்றாவது தடவை வாசித்தது.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து மைமூன் வந்தாள். "பொம்பளப் புள்ள போயி..." என்று ஆரம்பித்த முத்தவல்லி, கைகளைப் பின்னாலிருந்து எடுக்க வேண்டியிருக்குமே என்று நினைத்தோ என்னவோ பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"மைனி, வேணாம்னா நான் நடந்தே வந்துர்றேன்" என்றான் கமருதீன் மேலேயிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"உக்காருங்க" என்றாள். வளைந்துபோன இடது கையால் கடிவாளத்தைப் பிடித்தாள். நடந்தாள்.

முதல் அடியிலேயே குளம்புகள் கறுத்தன. இரண்டாவது அடியில் கணுக்கால்கள் கறுத்தன, நான்காவது அடியில் கறுப்பு முழங்காலுக்கு வந்தது, உதுமான் "மைமூன், விட்ரும்மா" என்று ஓடி வந்தார். அவள் நிற்கவில்லை. தபால் நிலையம் தாண்டியது, தேநீர்க் கடை தாண்டியது. கறுப்பு முட்டியிலேயே நின்றது. அதற்கு மேலே தும்பை வெள்ளையாக இருந்தது, கழுவி வைத்த பீங்கான் போல அப்படி ஒரு வெள்ளை. பஞ்சகல்யாணியைத் திருப்பிப் போட்டது மாதிரி, கால் நான்கும் கறுப்பாக, உடம்பு முழுக்க வெள்ளையாக எங்கள் ஊருக்குள் ஒரு குதிரை நடந்தது. அதற்கு அட்டையில் எண் கிடையாது.

உதுமான் மகளுக்குப் பக்கத்தில் ஓடியபடி குதிரையின் கால்களையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "பயமா இருக்காம்மா?"

"இருக்குத்தா" என்றாள் மைமூன், கடிவாளத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "முட்டி வரைக்குந்தான். நடந்துறலாம்."